வீட்டுத் தோட்டம்: காரணம் முதலில், மருந்து கடைசியில்



தோட்டம் என்ற சொல்லுக்கு மலேசியத் தமிழர்களிடையே இரண்டு பொருள் உண்டு. ஒன்று, வீட்டைச் சுற்றிச் செடிகொடி வளர்க்கும் இடம். மற்றொன்று, தாத்தாவும் பாட்டியும் பால்மரம் சீவிய ரப்பர்த் தோட்டம், பின்னாளில் வந்த செம்பனைத் தோட்டம். அந்தத் தோட்டத்தில் லயன் வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, நாலு வாழை, வேலியோரம் பசளை, கொஞ்சம் மரவள்ளி என்று ஏதாவது ஒன்று இல்லாத குடும்பம் குறைவு. யாரும் புத்தகம் படித்து வளர்க்கவில்லை. சம்பளத்துக்கு முன்பே காசு தீர்ந்துபோன நாட்களில் குழம்புச் சட்டிக்கு வந்து சேர்ந்தது அந்தக் கொல்லையில் விளைந்த காய்தான்.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. வீடமைப்புத் திட்டங்களுக்காகவும் மேம்பாட்டுக்காகவும் நிலம் விற்கப்பட்டது. குடும்பங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்தன. இன்று வாசலில் சிமெண்ட் தரை, அதன்மேல் ஐந்தாறு பூச்சாடிகள். தோட்டப்புறத்தில் முருங்கைக் கொம்பை ஒடித்து ஊன்றியே மரமாக்கிய அதே பாட்டி, இப்போது மூன்றாவது கறிவேப்பிலைக் கன்றும் கருகிப் போனதைப் பார்த்து, "என் கை ராசி போய்விட்டது" என்று வருத்தப்படுகிறார்.

கை ராசி எங்கும் போகவில்லை, நேயர்களே. மாறியது இடம். நிலத்தில் நட்ட செடியின் வேர் தனக்கு வேண்டிய தண்ணீரையும் சத்தையும் தானே தேடிப் போகும். ஓரிடத்தில் கிடைக்காவிட்டால் இன்னும் நாலடி தள்ளிப் போகும். சாடியில் நட்ட செடிக்கு அந்த வழி இல்லை. அரை மீட்டர் உயரம்கூட இல்லாத ஒரு பாத்திரத்துக்குள் நாம் என்ன கொடுக்கிறோமோ அதுதான் அதற்கு உலகம். அதிகமாகக் கொடுத்தால் தப்பிக்க இடமில்லை. குறைவாகக் கொடுத்தால் தேடிப் போக இடமில்லை. ஆகவே, சாடியில் செடி வளர்ப்பவர் பழைய பழக்கத்தோடு புதிதாக ஒன்றையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. செடிக்கு என்ன குறை என்பதைப் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகே கை வைப்பது என்பதுதான் அது.

நடைமுறையில் பலரும் செய்வது இதற்கு நேர்மாறாக இருக்கிறது. இலை மஞ்சளானால் உரம். இலை சுருண்டால் மருந்து. செடி வாடினால் தண்ணீர். காரணம் தெரியாமல் கொடுக்கும் இந்த மூன்றுமே செடியைக் கொல்லக்கூடியவை. அதுமட்டுமன்று, அதில் ஒன்று வீட்டிலுள்ளவர்களின் வயிற்றுக்கும் போய்ச் சேரும். எனவே, வீட்டுத் தோட்டத்தில் அடிக்கடி வரும் சிக்கல்களை ஒவ்வொன்றாக, காரணத்திலிருந்து பார்ப்போம்.

தண்ணீர்: குறைவைவிட மிகுதியே ஆபத்து

சாடிச் செடிகள் பெரும்பாலும் தாகத்தால் சாவதில்லை. தண்ணீர் மிகுந்து வேர் அழுகியே சாகின்றன. வேருக்குத் தண்ணீர் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். மண் எப்போதும் சொதசொதவென்று இருந்தால் மண்ணுக்குள் காற்றுக்கு இடமில்லை. வேர் மூச்சுத் திணறி அழுகத் தொடங்கும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடும். அதைப் பார்ப்பவர், பாவம் வாடுகிறதே என்று இன்னும் ஒரு குவளை ஊற்றுகிறார். அதோடு செடியின் கதை முடிகிறது.

இதைத் தவிர்க்க விலை கொடுத்து வாங்கும் கருவி எதுவும் தேவையில்லை. ஆள்காட்டி விரலை இரண்டாம் கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அன்று தண்ணீர் வேண்டாம். உலர்ந்திருந்தால், சாடியின் அடித்துளையில் நீர் வழியும் வரை நன்றாக ஊற்றுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதைவிட, தேவைப்படும்போது நிறைய ஊற்றுவதே வேருக்கு நல்லது. மேலோட்டமாகத் தெளித்தால் வேரும் மேலேயே படரும். ஒருநாள் வெயில் கடுமையானால் அந்த வேர் தாங்காது.

ஏற்கெனவே வேர் அழுகியிருந்தால் செடியை மெதுவாக வெளியே எடுத்துப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர் நிறத்திலோ உறுதியாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பேறிக் கொழகொழவென்று நாற்றமடிக்கும். அதைச் சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு, புது மண்ணில் நட்டு, சில நாட்கள் நிழலில் வையுங்கள். இலைகளையும் கொஞ்சம் குறைத்துவிடுங்கள். பாதி வேரோடு இருக்கும் செடியால் முழு இலைக்கும் தண்ணீர் கொடுக்க முடியாது.

மண்ணும் முக்கியம். வீட்டுப் பக்கத்தில் தோண்டிய செம்மண்ணை அப்படியே சாடியில் நிரப்பினால் சில மாதங்களில் அது செங்கல் போல இறுகிவிடும். ஒரு பங்கு மண், ஒரு பங்கு நன்கு மக்கிய உரம், ஒரு பங்கு தேங்காய் நார்த்தூள் அல்லது கருக்கிய உமி என்று கலந்தால் நீரும் வடியும், ஈரமும் நிற்கும்.

இன்னொரு வேடிக்கையான சிக்கலும் உண்டு. வெளியே கொட்டும் மழை. வீட்டு முன்கூரையின் கீழே இருக்கும் செடியோ வாடிக் கிடக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலமான நவம்பர் முதல் மார்ச் வரை, கிழக்குக் கரை மாநிலங்களில் இது சகஜம். "மழைதான் பெய்கிறதே" என்று தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிடுவார்கள். கூரைக்குக் கீழே மழை பெய்யாது. அதே சமயம், திறந்த வெளியில் இருக்கும் சாடியிலோ தொடர் மழை சத்தையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். ஒரே வீட்டில், ஒரே வாரத்தில், ஒரு சாடிக்குத் தண்ணீர் வேண்டும். பக்கத்துச் சாடிக்கு உரம் வேண்டும். விரலை விட்டுப் பார்க்காமல் இது தெரியாது.

வெளிச்சம்: திசை மாறும் சூரியன்

மிளகாய், கத்தரி, வெண்டை, தக்காளி போன்ற காய்க்கும் செடிகளுக்கு ஒரு நாளில் ஏறக்குறைய 6 மணி நேரம் நேரடி வெயில் தேவை. கீரை வகைகளுக்கு 3 அல்லது 4 மணி நேரம் போதும். வெயில் போதாத செடி கம்பு போல நீண்டு, கணுக்களுக்கு இடைவெளி விழுந்து, வெளிச்சம் வரும் பக்கம் சாய்ந்து வளரும். பூக்காது. உரம் கொட்டினாலும் பூக்காது. அதற்கு வேண்டியது இடமாற்றம்தான்.

"போன ஜூன் மாதம் இதே இடத்தில்தானே நன்றாகக் காய்த்தது?" என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. மலேசியா பூமத்திய ரேகைக்குச் சற்று வடக்கே இருக்கிறது. ஆண்டின் நடுவில் சூரியன் வடக்கே சாய்ந்தும், ஆண்டு இறுதியில் தெற்கே சாய்ந்தும் போகிறது. வடக்கு நோக்கிய வாசலுக்கு ஜூன் மாதத்தில் வெயில் கிடைக்கும். டிசம்பரில் சுவரின் நிழல்தான் கிடைக்கும். தெற்கு நோக்கிய வாசலுக்கு நேர்மாறு. எனவே, ஆண்டுக்கு இருமுறை சாடிகளை இடம் மாற்றுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளலாம். மாற்ற இடமில்லாத அடுக்குமாடி வீட்டில், வெயில் வரும் மாதங்களில் மிளகாயும் வராத மாதங்களில் கீரையும் வைப்பது புத்திசாலித்தனம்.

அடுக்குமாடியில் வசிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெயில் வேண்டும் என்பதற்காகச் சாடியைக் கைப்பிடிச் சுவரின் மேல் வைக்காதீர்கள். கோலாலம்பூர் பந்தாய் டாலாமில் 2018-ஆம் ஆண்டு ஜனவரியில் மேல்மாடியிலிருந்து விழுந்த ஒரு நாற்காலி, 15 வயது மாணவன் ஒருவனின் உயிரைப் பறித்தது. பலத்த காற்றில் ஒரு மண் சாடி விழுந்தாலும் அதே கதிதான். சாடிகள் தரையில் இருக்கட்டும். பலர் நடமாடும் நடைவழியை அவை அடைக்காமலும் இருக்கட்டும்.

உரம்: இலை சொல்லும் சேதி

இலை மஞ்சளாவது ஒரு நோயன்று, ஒரு சேதி. எந்த இலை மஞ்சளாகிறது என்று பாருங்கள். கீழே உள்ள முதிய இலைகள் ஒட்டுமொத்தமாக வெளிறினால், மண்ணும் சொதசொதவென்று இல்லாவிட்டால், அது பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு. செடி பழைய இலையிலிருந்து சத்தை எடுத்துப் புதிய இலைக்குக் கொடுக்கிறது. மேலே உள்ள இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாக இருந்தால் அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. மண்ணில் சுண்ணாம்புத் தன்மை கூடினாலும் இது வரும். சிமெண்ட் பூச்சு உதிரும் சுவரோரச் செடிகளில் இதைக் காணலாம். இலையின் ஓரம் மட்டும் தீய்ந்தாற்போலக் கருகினால், உரம் கூடிப்போய் உப்புத் தேங்கியிருக்கலாம். அப்போது செய்ய வேண்டியது உரத்தை நிறுத்திவிட்டு, நல்ல தண்ணீரை நிறைய ஊற்றி அடித்துளை வழியே வடியவிடுவதுதான்.

கடையில் விற்கும் உரப்பையில் மூன்று எண்கள் அச்சிட்டிருக்கும். முதல் எண் தழைச்சத்து, இரண்டாவது மணிச்சத்து, மூன்றாவது சாம்பல்சத்து. கீரைக்கு முதல் எண் கூடுதலாக இருப்பது நல்லது. காய்க்கும் செடிக்கு அதையே போட்டுக்கொண்டிருந்தால் செடி பச்சைப்பசேலென்று தழைத்து நிற்கும், பூ வராது. பூக்கும் பருவத்தில் மூன்றாவது எண் கூடுதலான உரமே பொருத்தம். நடுத்தரச் சாடிக்கு ஒரு சிறு தேக்கரண்டி, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, தண்டிலிருந்து தள்ளி, ஈர மண்ணில் போட்டால் போதும்.

சமையலறைக் கழிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். முட்டை ஓட்டை நசுக்கிப் போட்டவுடன் செடிக்குச் சுண்ணாம்புச்சத்து கிடைத்துவிடாது. அது மண்ணில் கரையப் பல மாதங்கள் ஆகும். தேயிலைச் சக்கை, காய்கறித் தோல் எல்லாம் நல்லவையே. ஆனால் மக்கிய பிறகுதான். பச்சையாகச் சாடியில் போட்டால் ஈயும் எறும்பும் முதலில் வரும், பின்னாலேயே எலியும் வரும். மூடியுள்ள வாளியில் காய்ந்த இலையோடு கலந்து, மண்வாசனை வரும்வரை மக்கவிட்டுப் பயன்படுத்துங்கள்.

பூ உதிர்கிறதா? யார் குற்றம்?

தக்காளி பூத்துப் பூத்து உதிர்கிறது என்பது பலரின் மனக்குறை. தக்காளிக்கு இரவு 20 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிர்ச்சி இருந்தால்தான் நன்றாகக் காய் பிடிக்கும். கேமரன் மலையில் அது கிடைக்கிறது. கிள்ளானிலும் ஜொகூர் பாருவிலும் இரவே 24, 25 டிகிரி. ஆகவே, அது வளர்ப்பவரின் குற்றமன்று. சிறிய செர்ரித் தக்காளி வகைகள் வெப்பத்தை ஓரளவு தாங்கும்; அவற்றை முயன்று பார்க்கலாம். காய்த்த தக்காளியின் அடிப்பகுதி கறுத்து அழுகினால் அது பெரும்பாலும் பூச்சியால் வருவதன்று. ஒருநாள் வறட்சி, மறுநாள் வெள்ளம் என்று தண்ணீர் ஏறுமாறாகக் கிடைத்ததால் சுண்ணாம்புச்சத்து காய்க்குப் போய்ச் சேரவில்லை. நீரை ஒழுங்காக்கினால் அடுத்த காய்கள் நன்றாக வரும்.

பாகற்கொடியிலும் பூசணிக்கொடியிலும் முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்கள். அவை உதிரத்தான் செய்யும். பூவுக்குக் கீழே குட்டிக் காய் போல இருந்தால் அது பெண் பூ. தேனீ எட்டிப் பார்க்காத எட்டாவது மாடியில் நாமே தேனீயாக வேண்டியதுதான். காலை வேளையில் ஆண் பூவைப் பறித்து, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தொட்டு விடுங்கள். பிஞ்சு பிடித்தவுடன் காகித உறை கட்டிவிட்டால் பழ ஈ முட்டையிட முடியாது.

பூச்சிகள்: கறிவேப்பிலையும் மிளகாயும்

கறிவேப்பிலையின் இளந்தளிர் சுருண்டு, வெள்ளை மெழுகு இழை போல ஒட்டியிருந்தால் அது தளிரில் சாறு உறிஞ்சும் ஒரு சிறு பூச்சியின் குஞ்சு. அந்தத் தளிரை ஒடித்து, பிளாஸ்டிக் பையில் கட்டி எறிந்துவிடுங்கள். ஒடித்த இடத்தில் புதுக் கிளைகள் வரும். சமையலுக்குப் பறிக்கும்போதும் இலை இலையாக உருவாமல் நுனியை ஒடித்தால் செடி அடர்த்தியாகும். இதே பூச்சிதான் எலுமிச்சை இனத்தைக் கொல்லும் பசுமையாதல் நோயை ஓர் எலுமிச்சைச் செடியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகிறது. எனவே, கறிவேப்பிலையையும் லிமாவ் கஸ்தூரியையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

இலைமேல் கரி பூசியது போல இருந்தால் அந்தக் கரியைத் துடைப்பதோடு நிறுத்தாதீர்கள். தண்டிலும் இலையடியிலும் செதில் பூச்சியோ மாவுப்பூச்சியோ இருக்கும். அவை கழிக்கும் இனிப்பு நீரின்மேல்தான் அந்தக் கரும்பூஞ்சை வளர்கிறது. அந்த இனிப்புக்காகவே எறும்புகள் அப்பூச்சிகளைக் காவல் காக்கின்றன. செடியில் எறும்பு வரிசையாக ஏறினால், மேலே யாரோ இருக்கிறார்கள் என்று பொருள்.

மிளகாய் இலை மேல்நோக்கிப் படகு போலச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டு தடித்தால் கண்ணுக்கு எளிதில் தெரியாத சிலந்திப்பேன். இலை முழுவதும் பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாகி, செடியும் குட்டையாகிப் போனால் அது நச்சுயிரி நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து இல்லை. மற்றச் செடிகளைக் காப்பாற்ற அந்த ஒன்றைப் பிடுங்கிவிடுவதே வழி. கத்தரியின் நுனி திடீரெனத் தொங்கினால் உள்ளே தண்டுப்புழு இருக்கும். தொங்கிய பகுதிக்குக் கீழே வெட்டி அழித்துவிடுங்கள்.

என்ன பூச்சி என்று தெரிந்த பிறகு செய்ய வேண்டியவற்றுக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் கையால் எடுப்பது, தண்ணீரை இலையடியில் வேகமாகப் பீய்ச்சி அடிப்பது. சிறிய தோட்டத்தில் பாதிச் சிக்கல் இதிலேயே தீரும். அடுத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு சிறு தேக்கரண்டி மென்மையான சோப்புக் கரைசல். அதற்கும் மசியாவிட்டால் அதே கரைசலில் ஒரு சிறு தேக்கரண்டி வேப்பெண்ணெய். மாலையில், இலையடியில் படும்படி தெளிக்க வேண்டும். வெயிலில் தெளித்தால் இலை கருகும். முதலில் ஓர் இலையில் தெளித்து மறுநாள் பார்த்துவிட்டுச் செய்வது நல்லது. ஐந்தாறு நாட்களுக்கு ஒருமுறை, மூன்று முறையாவது தெளித்தால்தான் முட்டையிலிருந்து புதிதாக வருபவையும் அழியும்.

கடையில் விற்கும் இரசாயன மருந்து இந்த வரிசையில் கடைசி. அது ஏன் கடைசி என்பதை இந்தச் சமுதாயத்துக்கு யாரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. தோட்டங்களில் முதுகில் தோம்பைச் சுமந்து மருந்து அடித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். தெனாகானித்தா அமைப்பு 2002-ஆம் ஆண்டில், தோட்டத் தொழிலாளர்கள் நச்சு மருந்தால் பட்ட பாட்டை ஆய்வறிக்கையாகவே வெளியிட்டது. அவர்கள் அடித்த மருந்துகளில் ஒன்றான பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு மலேசியாவில் முழுத் தடை வந்தது 2020-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியில்தான். அந்த அனுபவத்தைத் தாண்டி வந்த வீடுகளில், ரசத்தில் போடும் கறிவேப்பிலைக்கு என்ன என்று தெரியாத மருந்தைத் தெளிக்கலாமா?

தவிர்க்கவே முடியாமல் மருந்து வாங்கினால் சில விதிகள் உண்டு. 1974-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி மருந்துகள் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண் உறையில் இருக்கும். அது இல்லாததை வாங்க வேண்டாம். உண்ணும் பயிருக்கு ஏற்றதா, தெளித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதைப் படித்துப் பாருங்கள். புரியவில்லையென்றால் மலாய் படிக்கத் தெரிந்த பிள்ளைகளைக் கேளுங்கள். தெரிந்தவர் தோட்டத்திலிருந்து "கொஞ்சம்" ஊற்றிக் கொடுத்த மருந்தைக் குடிநீர்ப் போத்தலிலும் சோடாப் போத்தலிலும் வைப்பது மிகக் கொடிய பழக்கம். தாகத்தோடு ஓடிவரும் குழந்தைக்கு உள்ளே இருப்பது என்னவென்று தெரியாது.

கொசு: செடிக்கு இல்லாத நோய்

செடி செழிப்பாக இருந்தும் வீட்டுக்கு ஆபத்தாக இருக்கலாம். சாடியின் அடித்தட்டில் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. மலேசியாவில் 2019-ஆம் ஆண்டில் மட்டும் 130,101 டிங்கிச் சம்பவங்கள் பதிவாயின. 182 பேர் மாண்டனர். 2023-ஆம் ஆண்டிலும் இந்த எண்ணிக்கை 120,000-ஐத் தாண்டியது. வீட்டு வளாகத்தில் கொசுக் குடம்பிகள் காணப்பட்டால், 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின் கீழ் அபராதம் விதிக்கவும் சுகாதார அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு.

முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். ஆகவே, வாரம் ஒருமுறை என்பது இங்கே உயிர் காக்கும் கணக்கு. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் பல மாதங்கள் உயிரோடு இருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். தேய்த்துக் கழுவ வேண்டும். அடித்தட்டே இல்லாமல் செங்கல்மேல் சாடியை வைப்பது இன்னும் நல்லது. வேருக்கும் காற்று கிடைக்கும். தாமரைத் தொட்டியில் கப்பி மீன் விடலாம். கொட்ட முடியாத நீருக்கு 10 லிட்டருக்கு 1 கிராம் என்ற அளவில் அபேட் குருணை போடலாம். வெட்டிய மூங்கில், கவிழ்க்காத வாளி, இறுகிய மண்ணின்மேல் நிற்கும் நீர் ஆகியவற்றையும் மறக்க வேண்டாம்.

மண்ணைத் தொடும் கை

கடைசியாக, செடி வளர்ப்பவரின் உடல்நலம். 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. இந்தியர்களிடையே அது மற்ற இனத்தவரைவிட அதிகம். இதற்கும் தோட்டத்துக்கும் தொடர்பு உண்டு. நம் நாட்டு மண்ணிலும் தேங்கிய நீரிலும் மெலியோய்டோசிஸ் என்ற நோயை உண்டாக்கும் கிருமி வாழ்கிறது. கால் வெடிப்பு, கைக் கீறல் வழியே அது உடலுக்குள் நுழையும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது உயிருக்கே உலை வைக்கக்கூடும். எலியின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சலும் ஈர மண்ணின் வழியே வரலாம்.

இதற்காகச் செடியைக் கைவிட வேண்டியதில்லை. கையுறை, மூடிய காலணி, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுதல் ஆகியவை போதும். புண் இருந்தால் நீர் புகாதபடி மூடிவிட்டு வேலை செய்யுங்கள். மழை பெய்த மறுநாள் வெறுங்காலோடு களை பிடுங்குவதைப் பெரியவர்கள் விட்டுவிட வேண்டும். மண்வேலை செய்தவருக்குக் காய்ச்சல் விடாமல் இருந்தால், மருத்துவரிடம் மண்ணில் வேலை செய்ததையும் மறக்காமல் சொல்லுங்கள். காரணத்தைச் சொன்னால்தான் மருத்துவருக்கும் சரியான சிகிச்சை தர முடியும்.

அன்பு நேயர்களே, தினமும் காலையில் பத்து நிமிடம், கையில் உரப்பையோ மருந்துப் போத்தலோ இல்லாமல் செடிகளைச் சுற்றிப் பாருங்கள். மண் ஈரமா, வெயில் விழுகிறதா, எந்த இலை நிறம் மாறுகிறது, இலைக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள், தட்டில் தண்ணீர் நிற்கிறதா. இந்த ஐந்தையும் வரிசையாகப் பார்த்தாலே பெரும்பாலான சிக்கல்கள் வளர்வதற்கு முன்பே பிடிபடும். பேரப்பிள்ளைகளையும் கூட அழைத்துக்கொள்ளுங்கள். கண் மங்கிய பாட்டிக்குத் தெரியாத பூச்சி பேரனின் கண்ணுக்குத் தெரியும். அது என்ன பூச்சி, எதை முதலில் செய்ய வேண்டும் என்பதைப் பாட்டி சொல்லிக் கொடுக்கலாம். லயன் வீட்டுக் கொல்லை கைவிட்டுப் போயிருக்கலாம். அங்கே கற்ற கைவேலை வீட்டோடு வந்திருக்கிறது. அதை அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்க ஒரு சாடியும் ஒரு கறிவேப்பிலைக் கன்றும் போதும்.